கார்னேலிஸ் மாமாவுக்கு வயது குறைகிறது

அத்தியாயம் 6

துப்பறிவாளர் மார்லீன் ஹோவிங் கழிப்பறைக்குள் போய்ப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது.

வெளியே கூடத்தில் அவளுடைய உதவியாளன் வின்ஸ்டன் பீனாஸ் தர்மசங்கடத்தில் நெளிந்துகொண்டிருந்தான். எதிரே வீட்டுக்காரரும் கட்சிக்காரருமான ஆலைடா வெர்மாஸ். வயது அறுபத்தெட்டு, தேவாலயப் பாட்டுக் குழுவில் இரண்டாவது வரிசை. அழுதழுது கண் சிவந்திருந்தது. ஆனாலும் காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு டப்பாவை இறுக்கி மூடியிருந்தார். டெவன்டர் ஊர்க்காரர்கள் எந்தத் துக்கத்திலும் டப்பாவை மூட மறப்பதில்லை.

"உங்க மேடத்துக்கு வயிறு கியிறு சரியில்லையா?" என்றார் ஆலைடா, குரலைத் தாழ்த்தி.

"அதெல்லாம் இல்ல மேடம். இருபது வருஷம் வங்கியில மோசடிப் பிரிவுல இருந்தவங்க. அப்பவே அப்படித்தான். எங்க தனியா விட்டாலும் ஏதாவது படிக்க ஆரம்பிச்சிடுவாங்க."

"அங்க படிக்க என்ன இருக்கு?"

வின்ஸ்டனுக்கும் அது தெரியவில்லை. அவன் மூடிய டப்பாவைப் பார்த்தபடி வழக்கை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான்.

செப்டம்பர் எட்டாம் தேதி, பக்கத்து ஊரான அப்பல்டோர்னில் ஒரு சைக்கிள் கடை. ஆலைடாவின் கிரெடிட் கார்டில் மூவாயிரத்து அறுநூறு யூரோவுக்கு ஒரு மின்சார சைக்கிள் வாங்கப்பட்டிருக்கிறது. பின் நம்பர் முதல் தடவையே சரி. அந்த நேரத்தில் ஆலைடா டெவன்டரில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பதினெட்டாம் தேதி கணக்குச் சீட்டு வந்தபோதுதான் அவருக்கு விஷயமே தெரியும். கார்டைத் தேடினால், அது கோட்டுப் பையில் இருந்த பணப்பைக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

வங்கி கைவிரித்துவிட்டது. கார்டு உங்களிடம், நம்பர் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் செலவும் உங்களுடையதே என்று மூன்று வரியில் கடிதம். நீங்கள் இல்லையென்றால் உங்கள் வீட்டார் யாராவது இருக்கும் என்று போனில் பேசிய பையன் போகிற போக்கில் ஒரு கொள்ளிக்கட்டையை வேறு போட்டுவிட்டுப் போயிருந்தான்.

வீட்டார் என்றால் ஒரே மகன், யெல்லே. நாலு வருஷம் முன்னால் சூதாட்டப் பித்தில் அம்மாவின் கார்டை எடுத்துத் தேய்த்தவன். மூன்று வருஷமாகச் சுத்தமாக இருக்கிறான். ஒரு ரொட்டிக் கடையில் வேலை. ஆலைடா போன் போட்டு, "நீயா எடுத்தே?" என்று கேட்டுவிட்டார். "இல்லை" என்று ஒரே ஒரு சொல். அதற்கப்புறம் ஒன்பது நாளாக அவன் போனை எடுக்கவில்லை.

"சைக்கிள் போனா போகுது தம்பி," என்றார் ஆலைடா திடீரென்று. "அவன்தான் எடுத்தான்னா நான் எப்படியோ தாங்கிக்குவேன். ஏற்கெனவே தாங்கினவதான். ஆனா அவன் எடுக்கலேன்னா, நான் கேட்ட கேள்வியை எப்படி நான் திரும்ப வாங்கறது?"

வாய்க்கு வாய் பேசுகிற வின்ஸ்டன் காப்பியில் போடாத சர்க்கரையைக் கலக்கினான்.

தண்ணீர் ஊற்றும் சத்தமே இல்லாமல் கழிப்பறைக் கதவு திறந்தது. மார்லீன் வந்தாள். நாற்பத்தைந்து வயது, ஆறடி உயரம், கலைந்த தலை. கையில் ஒரு நாள்காட்டி. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரியும்படி இந்த நாட்டில் எல்லா வீட்டுக் கழிப்பறையிலும் மாட்டி வைப்பார்களே, அந்தப் பிறந்தநாள் காட்டி. சொந்தக்காரர், சிநேகிதர், அக்கம்பக்கம் என்று எல்லோருடைய பிறந்தநாளும் அதில்தான்.

"பாஸ், அதைக் கழட்டிட்டு வந்துட்டீங்களா? இவங்க அடுத்த வாரம் யாருக்கும் வாழ்த்து சொல்ல முடியாம ஊரைவிட்டே போகணும்."

மார்லீன் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "ஆலைடா மேடம், உங்க கார்னேலிஸ் மாமா எந்த ஊர்ல இருக்கார்?"

ஆலைடாவின் கோப்பை பாதி வழியில் நின்றது. "அவரா... ஸீலாந்துல."

"வயசு?"

"எழுபத்... எண்பது இருக்கும்."

"எல்லார் பேருக்குப் பக்கத்துலயும் பொறந்த வருஷம் எழுதியிருக்கீங்க. உங்க பூனைக்குக் கூட இருக்கு. மாமாவுக்கு மட்டும் வருஷமே இல்ல. வெறும் தேதி. இருபத்திமூணு, ஒம்பதாவது மாசம்." மார்லீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப உங்க பின் நம்பர் என்னன்னு நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

ஆலைடாவின் முகம் கழுத்துவரைக்கும் சிவந்தது. "ரெண்டு மூணு பூஜ்யம் ஒம்பது," என்றார் மெல்ல.

வின்ஸ்டன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான்.

"எங்கேயும் எழுதி வைக்காதீங்கன்னு வங்கியில சொன்னாங்க. எனக்கு நம்பர் மனசுல நிக்கவே இல்ல. அதான் யாருக்கும் தெரியாம மறைச்சு எழுதினேன்!"

"எங்க மறைச்சீங்க? உங்க வீட்டுக்கு வர்ற அத்தனை பேரும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, வேற வேலையில்லாம, அஞ்சு நிமிஷம் வெறிச்சுப் பாக்கற ஒரே இடத்துல. சரி, கார்டு எங்க இருந்துச்சு?"

"கோட்டுப் பையில. கோட்டு நடையில, கொக்கியில."

"கொக்கிக்குப் பக்கத்துக் கதவு கழிப்பறை. பூட்டையும் சாவியையும் ஒரு முழத் தூரத்துல தொங்க விட்டிருக்கீங்க. செலவு ஆனா உடனே போன்ல மணி அடிக்குமே, அது என்னாச்சு?"

"பாட்டுப் பயிற்சியில ஒருநாள் அடிச்சுடுச்சு. பாட்டுக் குழு நடத்துனர் முறைச்சார். நிறுத்திட்டேன்."

"அந்த மணி அடிச்சிருந்தா சைக்கிள் கடை வாசலைத் தாண்டறதுக்குள்ள கார்டை முடக்கியிருக்கலாம். நடத்துனர் முறைச்சதுக்கு விலை மூவாயிரத்து அறுநூறு." சொல்லிவிட்டு மார்லீன் குரலைத் தணித்தாள். "உங்க பிறந்தநாள் விருந்து அஞ்சாம் தேதி. வீடு நிறைய ஆள் இருந்த அன்னிக்குத்தான் கார்டு போயிருக்கணும். எட்டாம் தேதி சைக்கிள். பதினெட்டாம் தேதி கார்டு பையில இருக்கு. அப்ப யாரோ திரும்பவும் உள்ள வந்து வச்சிருக்காங்க. விருந்துக்கு வந்தவங்கள்ல, அப்புறமும் இந்த வீட்டுக்குள்ள வந்தது யார் யாரு?"

ஆலைடா விரல் விட்டார். மூன்றே விரல். இடப்பக்கத்து வீட்டு ஓத்தோ, குழாய்க்கு வாஷர் போட வந்தார். வலப்பக்கத்து வீட்டு ட்ரூஸ், விருந்துக்குக் கொண்டுவந்த கேக் தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தாள். மூன்றாவது விரலை மடக்காமலே வைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தினார்.

"யெல்லே," என்றாள் மார்லீன்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தான்."

"பாஸ், ஒரு சந்தேகம்," என்றான் வின்ஸ்டன். "சுவத்துல மாமான்னு எழுதியிருந்தா பாக்கறவன் மாமான்னுதானே நினைப்பான்? நம்பர்னு எப்படித் தெரியும்?"

"அப்படி ஒரு மாமாவே கிடையாதுன்னு தெரிஞ்சிருந்தா தெரியும். மேடம், மாமாவோட பிறந்தநாளுக்கு உங்களுக்கு யாரு யாரு வாழ்த்து சொல்வாங்க?"

ஆலைடா தலையில் கைவைத்துக்கொண்டார். ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருடைய அண்ணன், மைத்துனி, பக்கத்து வீடு வரை எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துகிற நாடு. மாமா மட்டும் தப்பிப்பாரா?

"ஆறு வருஷமா தெருவே சொல்லுது மேடம்," என்றார். "உங்க மாமா பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கள்னு வந்து நிப்பாங்க. நான் கேக் வாங்கி வைக்கணும். என்ன வயசுன்னு கேப்பாங்க. முந்தின வருஷம் எண்பதுன்னேன். போன வருஷம் வாய் தவறி எழுபத்தெட்டுன்னுட்டேன்."

"மாமா முகத்துக்கு என்ன கிரீம் போடறார்னு கேட்டுச் சொல்லுங்க," என்றான் வின்ஸ்டன். "எங்க அம்மாவுக்கு வேணும்."

"இந்த வருஷம்?" என்றாள் மார்லீன்.

"அஞ்சு நாள் முன்னாடிதான் வந்து போச்சு. ஓத்தோ வழக்கம்போல கதவு இடுக்குல வாழ்த்து அட்டை போட்டார். ட்ரூஸை அன்னிக்குக் காலைல குப்பைத்தொட்டிகிட்ட பாத்தேன். காத்தைப் பத்தியும் அவ முட்டிவலியைப் பத்தியும் பத்து நிமிஷம் பேசினோம்."

"யெல்லே?"

"அவன் என்னிக்குமே சொன்னதில்லையே. எனக்கு மாமாவே கிடையாதுன்னு அவனுக்குத்தான்..."

வாக்கியம் அங்கேயே நின்றது. ஆலைடாவின் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்து வெளுத்துப்போனது. வின்ஸ்டன் தரையைப் பார்த்தான். கார்னேலிஸ் மாமா பொய் என்று தெரிந்த ஒரே ஆள் மகன்தான். சாட்சி சொன்னது பெற்ற தாயே.

மார்லீன் மட்டும் நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இதுல பூனை இருக்கு. இல்லாத மாமா இருக்கார். உங்க பையன் பேரு எங்க?"

"நாலு வருஷம் முன்னாடி புது நாள்காட்டி வாங்கி பழசுல இருந்த எல்லாப் பேரையும் பாத்து எழுதினேன். அவன் பேர் வந்தப்ப பேனா நகரல. அவ்வளவு கோவம் எனக்கு. அப்புறம் கோவம் போயிடுச்சு, ஆனா எழுதவே இல்ல."

மார்லீன் எழுந்தாள். "எனக்கு இப்ப ஒரு சாவு வேணும்."

"பாஸ்?"

"கார்னேலிஸ் மாமா இன்னிக்குக் காலைல காலமாயிட்டார். மதியம் மூணு மணிக்கு இங்க துக்கக் காப்பி. வின்ஸ்டன், கறுப்பு டை இருக்கா? ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வா. யெல்லேக்கு போன் பண்ணு. யாரு என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை விடாம எனக்கு வேணும்."

"ஒரு பின் நம்பர் செத்ததுக்கு நான் டை கட்டணுமா?"

"கொஞ்சம் கண்ணும் கலங்கினா நல்லது."

ஓத்தோ கர்ஸ்டன் மதகுக் காவலராக இருந்து ஓய்வுபெற்றவர். நடையில் பளபளவென்று ஒரு மின்சார சைக்கிள் நின்றது. வின்ஸ்டனின் கண் அதன்மேல் போனது. போய் என்ன பிரயோசனம்? தெருவில் பாதிப்பேர் அப்படி ஒன்று வைத்திருந்தார்கள். முந்தின நாள் அப்பல்டோர்ன் கடைக்காரனிடம் போய்க் கேட்டதில், வாங்கினவர் மழைக்கோட்டு போட்டிருந்தார், கோட்டுக்குள் ஒரு மூக்கு தெரிந்தது என்பதற்குமேல் அவனுக்கு நினைவில்லை. அன்று மழை. மழை நாளில் இந்த நாட்டில் எல்லோருமே மழைக்கோட்டுக்குள் ஒரு மூக்குதான்.

"கார்னேலிஸா?" ஓத்தோவின் உதடு துடித்தது. "அடப்பாவமே. என் ஆழ்ந்த அனுதாபம் தம்பி. போன வாரம்தானே வாழ்த்து அட்டை போட்டேன்!"

"அவரை நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்ததே இல்ல. அதனால என்ன, மாமா மாமாதானே." கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். "துக்கக் காப்பியில ஹாம் வச்ச ரொட்டி இருக்குமா, வெறும் கேக்தானா?"

"விசாரிச்சுச் சொல்றேன் ஐயா. சைக்கிள் புதுசா?"

"ஏப்ரல்ல வாங்கினேன். என் சொந்தக் காசு. இருபது வருஷமா அஞ்சல்குறி லாட்டரிக்கு, அதான் நம்ம தெருவோட அஞ்சல் நம்பருக்குப் பரிசு விழுமே, அதுக்குப் பணம் கட்டறேன். ஒரு டின் பட்டாணி சூப் கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. நல்லவங்களுக்கு எங்க தம்பி விழுது?"

ட்ரூஸ் ஹாக்மன் கதவைத் திறந்தபோது கையில் தலைக்கவசம் இருந்தது. அறுபது வயது, சுறுசுறுப்பு, கன்னம் இரண்டும் காற்றில் சிவந்திருந்தன. செய்தியைக் கேட்டதும் தலைக்கவசத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஐயோ, ஆலைடா எப்படி இருக்கா? மனசுக்குக் கஷ்டமா இருக்கும். சொல்லுங்க, மூணு மணிக்கு ஆப்பிள் கேக்கோட வந்துடறேன்."

வின்ஸ்டனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கேக் கொண்டுவருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு மின்சார சைக்கிள்.

"நீங்களும் வாங்கிட்டீங்களா?"

"வாங்கற வசதி எனக்கு ஏது? லாட்டரியில விழுந்தது. முட்டிக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! இனிமே காத்து எந்தப் பக்கம் அடிச்சா எனக்கென்ன!"

யெல்லேயின் போன் ஏழு தடவை அடித்து எடுக்கப்பட்டது. பின்னணியில் ரொட்டிக் கடையின் இரைச்சல்.

"யாரு செத்துட்டாங்க?"

"உங்க அம்மாவோட கார்னேலிஸ் மாமா."

"எங்க அம்மாவுக்கு மாமாவே கிடையாது."

"மூணு மணிக்குக் காப்பி," என்று சொல்லி வின்ஸ்டன் வைத்துவிட்டான். அவனுக்குத் துக்கமாக இருந்தது. ரயிலில் பத்து வருஷம் டிக்கெட் பரிசோதித்தவன். பொய் சொல்கிறவன் இப்படிக் களைத்துப்போன குரலில் பேசமாட்டான் என்று தோன்றியது. ஆனால் கணக்கு யெல்லே பக்கம்தான் கை காட்டியது.

ஆற்றங்கரையில் மீன் கடை வண்டியருகே மார்லீன் நின்றுகொண்டிருந்தாள். வெங்காயத்தில் புரட்டிய ஹெர்ரிங் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி வாய்க்குள் இறக்கிக்கொண்டே அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள். ஓத்தோ, ஹாம் ரொட்டி, பட்டாணி சூப். ட்ரூஸ், ஆப்பிள் கேக், லாட்டரி.

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.

"என்ன பாஸ்?"

"ஒண்ணுமில்ல. வெங்காயம் ஜாஸ்தி." வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "அந்த சைக்கிள் கடை நம்பரைக் குடு. சைக்கிள் ஃபிரேம்ல ஒரு எண் குத்தியிருப்பான். அதை எழுதிக்கணும்."

"நாட்டுல மனுஷங்களைவிட சைக்கிள் அதிகம். எதுல போய்ப் பொருத்திப் பாப்பீங்க?"

"ஒரே ஒரு சைக்கிள்ல."

மூன்று மணிக்கு ஆலைடாவின் கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. நடுவில் மெழுகுவத்தி. மாமாவின் படம் கிடைக்காததால் மார்லீன் நாள்காட்டியையே நிறுத்தி வைத்திருந்தாள். ஓத்தோ கறுப்புக் கோட்டில் வந்து எல்லோருக்கும் கைகொடுத்து அனுதாபம் சொன்னார், வின்ஸ்டனுக்கு இரண்டு முறை. ட்ரூஸின் ஆப்பிள் கேக்கில் லவங்கப்பட்டை மணத்தது. ஆலைடா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று ஐந்துக்கு வாசலில் ஒரு உயரமான ஆள் வந்து நின்றான். தலையெல்லாம் மாவு. நாற்காலியில் உட்காரவில்லை.

"எனக்குத் தெரியாம ஒரு மாமா எப்படிச் செத்தார்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றான் யெல்லே. அம்மாவைப் பார்க்காமல் மெழுகுவத்தியைப் பார்த்துச் சொன்னான்.

மார்லீன் தொண்டையைக் கனைத்தாள். "இறந்தவரைப் பத்தி ரெண்டு வார்த்தை. கார்னேலிஸ் மாமா ஆறு வருஷம் முன்னாடி இந்த வீட்டுக் கழிப்பறையில பொறந்தார். கடைசிவரைக்கும் அங்கேயே ஆணியில தொங்கினார். அவருக்கு முகம், உடம்பு எதுவும் கிடையாது. நாலே நாலு எண். ஆலைடா மேடத்தோட பின் நம்பர்."

ஓத்தோவின் வாய் திறந்தது. "அப்ப நான் வருஷா வருஷம் போட்ட வாழ்த்து அட்டை?"

"வங்கி நம்பருக்குப் போட்டீங்க ஐயா," என்றான் வின்ஸ்டன்.

"நல்லவேளை, தபால்தலை ஒட்டல."

"யாரோ இதைக் கண்டுபிடிச்சு, விருந்து அன்னிக்குக் கார்டை எடுத்து, சைக்கிள் வாங்கிட்டு, கார்டைத் திரும்ப வச்சுட்டாங்க. மாமா பொய்னு தெரிஞ்சவங்க அவருக்கு வாழ்த்து சொல்ல மாட்டாங்க. வாய் கூசும்."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். யெல்லேயின் தாடை இறுகியது. "நான் சொன்னதில்லதான். அதுக்கு?" என்றான். அவன் திரும்பிப் போகக் காலெடுத்தான். ஆலைடா பாதி எழுந்தார்.

"நில்லுங்க," என்றாள் மார்லீன். "நீங்க ஆறு வருஷமா சொல்லல. இந்த வருஷமும் சொல்லல. அதுல என்ன இருக்கு? நான் தேடினது அஞ்சு வருஷம் ஒழுங்கா சொல்லிட்டு இந்த வருஷம் மட்டும் நிறுத்தினவங்களை. ட்ரூஸ் மேடம், இருபத்திமூணாம் தேதி காலைல குப்பைத்தொட்டிகிட்ட பத்து நிமிஷம் நின்னீங்க. காத்தைப் பத்திப் பேசினீங்க, முட்டியைப் பத்திப் பேசினீங்க. மாமாவை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"மறந்துட்டேன்!" ட்ரூஸ் சிரித்தாள். "மனுஷி மறக்கக் கூடாதா? அதுக்கு ஒருத்தியைத் திருடின்னுடுவீங்களா?"

வின்ஸ்டனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கேக் வேறு நன்றாக இருந்தது.

"சொல்ல மாட்டேன். மறதி எல்லாருக்கும் உண்டு. உங்க சைக்கிள் ஜோரா இருக்குன்னு வின்ஸ்டன் சொன்னான். எப்படி வந்துச்சு?"

"அவர்கிட்டயே சொன்னேனே. லாட்டரி."

"எந்த லாட்டரி?"

"எல்லாரும் கட்டறதுதான். அஞ்சல்குறி லாட்டரி."

கோப்பை ஒன்று தட்டில் மோதியது. ஓத்தோ மெதுவாக எழுந்து நின்றார். அனுதாபமெல்லாம் முகத்திலிருந்து வழித்துவிட்டதுபோல் போயிருந்தது.

"எந்த அஞ்சல்குறிக்கு விழுந்துச்சு ட்ரூஸ்?"

"என்... நம்ம..."

"நம்ம மூணு வீட்டுக்கும் ஒரே குறி! குறிக்கு விழுந்தா அந்தக் குறியில சீட்டு கட்டின அத்தனை பேருக்கும்தானே விழணும்! இருபது வருஷமா நான் கட்டறேன்! அப்ப என் சைக்கிள் எங்க?"

ட்ரூஸ் வாயைத் திறந்தாள், மூடினாள். ஆமாம் என்றால் ஓத்தோ விடமாட்டார். இல்லை என்றால் மார்லீன் விடமாட்டாள். வின்ஸ்டன் நெற்றியில் அடித்துக்கொண்டான். லாட்டரி என்று காதில் விழுந்தபோதே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கேக் என்ற சொல் காதை அடைத்துவிட்டது.

மார்லீன் ஒரு துண்டுச் சீட்டை மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்பல்டோர்ன்ல வித்த சைக்கிளோட ஃபிரேம் எண் இது. உங்க கொட்டகை பத்தடி தூரம்தான். போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

எல்லோரும் அந்தச் சீட்டைப் பார்த்தார்கள். பிறகு ட்ரூஸ் வெடித்தாள்.

"அஞ்சு வருஷம்! அஞ்சு வருஷம் பூ வாங்கிட்டு வந்தேன்! ஒரு பின் நம்பருக்கு டாலியாப் பூ! போன வருஷம் எழுபத்தெட்டுன்னு இவ சொன்னப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. உள்ள போய்ப் பாத்தேன், வருஷம் போடல. எவ்வளவு கேவலமா இருந்துச்சு தெரியுமா? விருந்து அன்னிக்குத் திரும்ப உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருந்தேன், நாலு எண்ணுன்னு அப்பதான் உறைச்சுது. வெளிய வந்தா கோட்டு தொங்குது. எதிர்க்காத்துல நான் முட்டிவலியோட மூச்சு வாங்க மிதிச்சுட்டுப் போறப்ப, இந்த ஓத்தோ விசில் அடிச்சுக்கிட்டே என்னைத் தாண்டிப் போறார்!"

"கோவம் வந்தா பூவை நிறுத்தணும். கார்டை எடுக்கக் கூடாது," என்றாள் மார்லீன். "பழி யார் மேல விழும்னு தெரியுமா தெரியாதா?"

ட்ரூஸ் வாசல் பக்கம் பார்த்தாள். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "தெரியும்," என்றாள். அந்த ஒரு சொல்லை மட்டும் கத்தாமல் சொன்னாள்.

"காவல் நிலையத்துக்கு நீங்களே போய்ச் சொல்லிட்டா உங்களுக்கு நல்லது. வின்ஸ்டன் கூட வருவான்."

ட்ரூஸ் எழுந்து, பழக்கதோஷத்தில் பக்கத்து வீட்டுக்கும் கையோடு கொண்டுவந்திருந்த தலைக்கவசத்தை எடுத்தாள்.

"நடந்தே போங்க," என்றாள் மார்லீன். "சைக்கிள் சாட்சி."

வின்ஸ்டன் டையைத் தளர்த்திக்கொண்டு கிளம்பினான். நடையில் ஓத்தோ மார்லீனின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "மேடம், என் பின் நம்பர் கல்யாண தேதி. அதுல தப்பில்லையே? எங்கேயும் எழுதல."

"உங்க கல்யாண போட்டோ எங்க இருக்கு?"

"கூடத்துல மாட்டியிருக்கேன். கீழே தங்க எழுத்துல தேதியோட..." ஓத்தோவின் முகம் மாறியது. விடைகூடச் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினார்.

காவல் நிலையத்தில் ட்ரூஸை ஒப்படைத்துவிட்டு வின்ஸ்டன் திரும்பி வந்தபோது யெல்லே உட்கார்ந்திருந்தான். அம்மாவுக்குப் பக்கத்தில் அல்ல, வட்டத்தின் எதிர்ப்புறம். மேஜைமேல் பிஸ்கட் டப்பா திறந்தே கிடந்தது. நாள்காட்டியைக் காணோம்.

"வங்கிக்கு நான் பேசறேன்," என்று மார்லீன் சொல்லிக்கொண்டிருந்தாள். "திருடு போனது நிரூபணம் ஆயிடுச்சு. ஆனா நம்பரைச் சுவத்துல எழுதினதுக்கு அவங்க முகம் சுளிப்பாங்க. வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்கங்க. புது நம்பர் மனசுல மட்டும்."

ஆலைடா தலையை ஆட்டினார். பிறகு மகனைப் பார்த்தார். "உன்னைக் கேட்டிருக்கக் கூடாதுடா. கேட்டது தப்பு. நான் உன்னை நம்பியிருக்கணும்."

யெல்லே கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போன தடவை நான்தானேம்மா எடுத்தேன். நீ கேக்காம வேற யாரு கேப்பா? கேட்டதுகூடப் பரவால்ல. நான் இல்லேன்னு சொன்னதும் பேசாம இருந்தே பாரு. அதான்."

இந்த மாதிரி நேரத்தில் வின்ஸ்டனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டான்.

நாள்காட்டி ஆணிக்குத் திரும்ப வந்திருந்தது. அவனால் புரட்டாமல் இருக்க முடியவில்லை. செப்டம்பரில் கார்னேலிஸ் மாமாவின்மேல் அழுத்தமாக ஒரு கோடு. பிப்ரவரிக்குப் போனான். பதினேழாம் தேதியில் புதிதாக ஒரு பேர், இன்னும் சரியாகக் காயாத மையில்.

"மேடம்!" உள்ளேயிருந்தே கத்தினான். "பிப்ரவரி பதினேழுல புதுசா ஒண்ணு எழுதியிருக்கீங்களே, இது ஆளா, நம்பரா?"

வெளியிலிருந்து யெல்லேயின் குரல் கேட்டது. "பக்கத்துல வருஷம் போட்டிருக்கா?"

வின்ஸ்டன் குனிந்து பார்த்தான். "போட்டிருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு."

"அப்ப அது நான்தான்," என்றான் யெல்லே. நாற்காலி ஒன்று வட்டத்தின் எதிர்ப்புறத்திலிருந்து இழுபடும் சத்தமும், ஆலைடா அழுதுகொண்டே சிரிக்கும் சத்தமும் கதவுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டன. வின்ஸ்டன் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.